உதடு ஒட்டாத பாஷை

என்னுடைய கடைசிப் பல் ஒரு கதையின் நடுவில் விழுந்தது. சலூனில், எல்லோர் முன்னாலும். விழுந்ததைக் கையில் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதையைத் தொடரப் பார்த்தேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மச்சினன் எழுந்து, "நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தான், மீதியை நான் சொல்றேன்" என்றான்.

அன்று பிடித்தது சனி.

அந்த சலூனைப் பற்றிச் சொல்லவேண்டும். அங்கே மூன்று சுழல் நாற்காலிகள். இரண்டில் முடி வெட்டுவார்கள். மூன்றாவது நாற்காலிக்கு இடுப்பு போய்விட்டது. மேலே ஏறாது, கீழே இறங்காது, சுற்ற மட்டும் சுற்றும். சலூன்காரர் அதைத் தூக்கி எறியாமல், யார் நன்றாகக் கதை சொல்கிறார்களோ அவர்களுக்கு என்று விட்டுவிட்டார். வாடிக்கையாளர்கள் தொண்டையில் கத்தி இருக்கும்போது சிரிக்காமல் கேட்கப் பழகியவர்கள். அப்படிப்பட்ட சபை வேறு எங்கும் கிடைக்காது. நான் லிஃப்ட் ஆபரேட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அந்த நாற்காலி என்னுடையது.

பல் போன மறுநாள் நான் போனபோது மச்சினன் அதில் உட்கார்ந்திருந்தான்.

அவன் வேறு கதை சொன்னால்கூடப் பரவாயில்லை. சொன்னது என் கதைகளை. அதையும் கெடுத்துச் சொன்னான். அவன் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை பார்த்தவன். மீட்டரில் உள்ளதை உள்ளபடி எழுதியே தலை நரைத்தது. அந்த வியாதி கதையிலும் தொற்றிக்கொண்டது.

உதாரணமாக, என் ஏழாவது மாடிக் கதை. நான் வேலை பார்த்த கட்டடத்துக்கு ஆறே மாடிதான். ஒருநாள் மதியம் லிஃப்ட் ஆறாவது மாடியில் நிற்காமல் மேலே போனது. நின்றது. கதவு திறந்தது. எதிரே ஒரு மேஜை, அதன் பின்னால் ஒரு குமாஸ்தா. தலையைத் தூக்காமலே, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டார். பிறகு, "கீழே இன்னும் மழையா?" என்றார். இல்லை என்றேன். அப்படியானால் இது தேவைப்படாது என்று சொல்லி என் கையில் ஒரு குடையைக் கொடுத்தார். கதவு மூடிக்கொண்டது. கீழே வந்து பார்த்தால் ஊரே மழையில் மிதக்கிறது. அந்தக் குடை இன்றும் என் வீட்டில் இருக்கிறது. மழையில் அதை விரித்தால் விரியாது. வெயிலில் தானாக விரியும்.

மச்சினன் இதே கதையை இப்படிச் சொன்னான்: "லிஃப்டுல பட்டன் லூஸ் கனெக்ஷன். அது மொட்டை மாடி மட்டத்துக்குப் போயிடுச்சு. அங்கே வாட்ச்மேன் இருந்தாரு. அவரு குடை கொடுத்தாரு."

பெஞ்சில் இருந்தவர்கள், "ஆமா, நடக்கக்கூடியதுதான்" என்று தலையாட்டினார்கள்.

என் கதையை நம்பும்படி ஆக்கிவிட்டான்! எதிர்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். "ஹெஹெஹா" என்று வந்தது. பெரியவரே சிரித்துவிட்டார் பார் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சைகையில் முறையிட்டேன். அவள் தையல் மெஷினிலிருந்து நிமிராமல், "பல் கட்டிக்கச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்? கேட்டீங்களா? என் தம்பியைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? காலி வீடுன்னா யாராவது குடிவரத்தான் செய்வாங்க. நாளைக்கு மாஸ்டர்கிட்ட போறோம்" என்றாள்.

மாஸ்டர் என்பவர் பல்செட் செய்கிறவர். மனைவிக்கு அவர்தான் பல் கட்டியவர். கடை ஒரு ஒடுங்கிய மாடிப்படியின் அடியில். உள்ளே நுழைந்தால் சுவரெங்கும் அலமாரி, அலமாரியெங்கும் வெள்ளை மாவில் வார்த்த தாடைகள். நூறு பேர் உங்களைப் பார்த்து வாயைப் பிளந்ததுபோல் இருக்கும். ரோஸ் மெழுகு உருகும் வாசனை, ஸ்பிரிட் விளக்கு, அரம் வகைகள், கடித்துப் பார்க்க நீலத் தாள். வாசல் பக்கம் ஒரு பெஞ்சு. அதில் ஏழெட்டு வயசாளிகள் உட்கார்ந்து ஏதோ ஒரு பாஷையில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே சீறலும் கொறிப்புமாக இருந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்ட அணில்கள் மாநாடு போட்டால் அப்படித்தான் கேட்கும். என் மனைவி போனவுடன் அவர்களோடு கலந்து, கை கொட்டிப் பேச ஆரம்பித்தாள்.

இத்தனை வருடம் குடும்பம் நடத்திய எனக்கு அவளுக்கு இன்னொரு பாஷை தெரியும் என்பதே அன்றுதான் தெரியும்.

"அது ஒண்ணுமில்லைங்க ஐயா. நம்ம கடை பாஷைதான்" என்றார் மாஸ்டர்.

விஷயம் இதுதான். புதுப் பல் கட்டியவர்களிடம் மாஸ்டர் முன்பெல்லாம் பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவர்கள் ஏமாற்றுவார்கள். எந்த எழுத்து சொன்னால் பல் இடிக்கிறதோ அந்த எழுத்தை முழுங்கிவிட்டுப் படிப்பார்கள். தெரிந்த பாஷை என்பதால் அவர் காதும் அதை நிரப்பிக்கொள்ளும். "பிரமாதமா உக்காந்திருக்கு" என்று வாங்கிப் போய், வாரக் கடைசியில் ஈறு புண்ணாகித் திரும்பி வருவார்கள். மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், யாருக்கும் தெரியாத ஒரு பாஷையைத் தானே செய்துவிட்டார். பல் செய்கிறவருக்குப் பாஷை செய்வது எம்மாத்திரம்? இரண்டுக்கும் அச்சு சரியாக விழுந்தால் போதும்.

அதற்கு முப்பத்திரண்டு எழுத்து. பல்லுக்கு ஒன்று. சுவரில் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார். குறுக்கே ஒரு கோடு, துணி காயப்போடும் கொடி மாதிரி. கோட்டின் மேல் நிற்கும் எழுத்து என்றால் நாக்கு மேல்வரிசைப் பல்லைத் தொடவேண்டும். கோட்டிலிருந்து தொங்கினால் கீழ்வரிசை. எழுத்து இடது பக்கம் சாய்ந்திருந்தால் இடது தாடை, வலது பக்கம் சாய்ந்திருந்தால் வலது தாடை. ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் 'டக்' என்று கடிக்கவேண்டும். ஒரு புள்ளி வைத்தால் எச்சில் விழுங்கவேண்டும். மூன்று புள்ளி வைத்தால் பல்லைக் கழற்றிக் கழுவிவிட்டு வந்து மீதியைப் படிக்கவேண்டும்.

ஊமை எழுத்து என்ற பேச்சே கிடையாது. எழுதியிருந்தால் கடித்தே ஆகவேண்டும்.

உதட்டுக்கு மட்டும் வேலையே இல்லை. பல் செய்யாத வேலையை உதடு செய்து ஏமாற்றிவிடுகிறது என்பதால் மாஸ்டர் அதை விலக்கி வைத்துவிட்டார். உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ஆகவே அந்தப் பாஷையில் ப கிடையாது, ம கிடையாது. அம்மா கிடையாது, அப்பா கிடையாது, மாமா, மாமியார், மாப்பிள்ளை, மருமகள் யாருமே கிடையாது. உறவுமுறைத் தொல்லையே இல்லாத பாஷை. வயசாளிகளுக்கு அது பரம சுகமாக இருந்திருக்கிறது. ஆரம்பத்தில் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கிடையாது. பெஞ்சில் காத்திருந்தவர்கள்தான் பொழுதுபோகாமல் அர்த்தம் வைத்தார்கள். 'நழ்ஸி' என்றால் வலிக்கிறது. 'தெத்திஸ்' என்றால் நன்றாக இருக்கிறது. இந்த இரண்டும் கிடைத்தால் மீதியெல்லாம் தானாக வளரும்.

உச்சரிப்பு தப்பினால் மற்ற பாஷைகளில் ஆளைத் திருத்துவார்கள். இங்கே பல்லைத் திருத்துவார்கள். எழுதாத இடத்தில் விசில் வந்தால் மாஸ்டர் அரத்தை எடுப்பார்.

இரவில் டம்ளரில் போட்டு வைத்த பல்செட் அந்தப் பாஷையில் முனகுகிறது என்று பெஞ்சில் ஒரு பழைய ஆடிட்டர் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. என் பல்செட் அப்படியெல்லாம் செய்வதில்லை. நான் எழுந்திருக்கும்வரை காத்திருந்துதான் பேசும்.

என் வாயில் மெழுகை வைத்து அச்சு எடுத்தார்கள். கொஞ்ச நாளில் பல் தயாரானது. வாயில் மாட்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். வேறு யாரோ என் முகத்தில் வாடகைக்கு வந்து விளக்கைப் போட்டதுபோல் இருந்தது. எடுத்துக்கொண்டு நேராக சலூனுக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

"உக்காருங்க ஐயா. மூணு சோதனை இருக்கு. பாஸ் ஆகாம பல் கடையை விட்டு வெளியே போகாது" என்றார் மாஸ்டர்.

முதலாவது, பலகையைப் படிப்பது. "ஸ்திழ்தா எஷ்தளிக்க்" என்று ஆரம்பித்தேன். விசில் வந்தது. தெருவில் ஒரு ஆட்டோ நின்றது. மாஸ்டர் அரத்தால் தேய்த்தார். மறுபடி படித்தேன். ஆட்டோ போய்விட்டது. அது பாஸ். இரண்டாவது, சிரிப்பது. அதிலும் பாஸ்.

மூன்றாவதுதான் சண்டை. அமைதியாக இருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் பல், கோபத்தில் கழன்றுவிடுமாம். ஒரு வாடிக்கையாளர் குடியிருப்போர் கூட்டத்தில் ஆவேசமாகப் பேசும்போது பல்செட் பறந்து போய் எதிர்க்கட்சிக்காரரின் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. அவர் அதைத் தண்ணீர்ப் பிரச்சினைக்குச் சாட்சி என்று சொல்லித் திருப்பித் தர மறுத்துவிட்டார். அன்றிலிருந்து மாஸ்டர், ஒருவரை நிஜமாகவே கோபப்படுத்தி, அந்தக் கோபத்தில் பல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வெளியே விடுவார். திட்டுவது கடை பாஷையில்தான் திட்டவேண்டும். ஒரு பல் விடாமல் சோதிக்க அதுதான் வழி. தவிர, மாடியில் குடித்தனம் இருக்கிறது.

"உங்க வீட்டம்மாவுக்கு இந்தச் சோதனை சட்டுனு முடிஞ்சிடுச்சுங்க. 'உக்காருங்கம்மா'ன்னுதான் சொன்னேன்" என்றார் மாஸ்டர்.

எனக்கு முடியவில்லை. காரணம், எனக்குக் கோபம் வராது. லிஃப்டில் வேலை பார்த்தவன். ஆறு பேர் ஏறுகிற பெட்டியில் பதினோரு பேர் ஏறி, யார் காலை யார் மிதித்தது என்று சண்டை போடும்போது நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து புன்னகைத்த வாய் இது.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்களை மாதிரி புளுகனை நான் பார்த்ததே இல்லை" என்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

"உங்க மூஞ்சி பழைய செருப்பு மாதிரி இருக்கு."

"பழையன்னு சும்மா சொல்லாதீங்க மாஸ்டர். மழையில நனைஞ்சு வெயில்ல காய்ஞ்ச செருப்புன்னு சொல்லுங்க. கண்ணு முன்னால நிக்கும்."

மாஸ்டர் அரத்தைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்" என்று என் மனைவியைப் பார்த்தார்.

மனைவி எழுந்து வந்து என்னைப் பற்றி நிறையச் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டே சற்றுத் தூங்கிவிட்டேன். வீட்டுப் பழக்கம்.

பல் கடையிலேயே தங்கிவிட்டது. வெறும் வாயோடு திரும்பினேன். அடுத்த வாரமும் இதே கதை, அதற்கடுத்த வாரமும். இதற்கிடையில் சலூனில் மச்சினன் என் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மொட்டை மாடியிலிருந்து விழுந்து, மேலே போன பலூனைப் பிடித்துத் தப்பிய கதையில் மாடியை எடுத்துவிட்டு ஸ்டூலைப் போட்டான். பலூனையே எடுத்துவிட்டான். ஸ்டூலிலிருந்து விழுந்தேன், காலில் லேசான அடி. இதுவா கதை? இது ஆஸ்பத்திரிச் சீட்டு.

சலூன்காரரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியவரே, சீக்கிரம் பல்லோட வாங்க. அவரு கதை சொன்னா கஸ்டமர் தூங்கிடறாங்க. தலை ஆடுது. ரெண்டு பேருக்குக் காதுல கீறல். இந்த மாசம் முடியட்டும், அதுக்குமேல நாற்காலியைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

அன்று இரவு எனக்குச் சாதம் இறங்கவில்லை. கஞ்சிதான், இருந்தும் இறங்கவில்லை.

மறுநாள் மனைவிக்குத் தைத்துக் கொடுக்கவேண்டிய துணி இருந்தது. முடித்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லி, மாஸ்டர் கடைக்கு மச்சினனைத் துணைக்கு அனுப்பினாள். வழியெல்லாம் அவன், "கோபம் வரலைன்னா நல்லதுதானே அத்தான், பிரஷருக்கு நல்லது" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தான். அவனை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான பையன். வயது அறுபத்திமூன்று.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். மாஸ்டர் பல்லை மாட்டினார். "புளுகன்" என்றார் சுரத்தில்லாமல். "ஆமாம்" என்றேன். அவருக்கும் அலுத்துவிட்டது.

அந்த நேரத்தில், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சினன் பக்கத்திலிருந்த பழைய ஆடிட்டரிடம் பேச்சுக் கொடுத்தான். "சும்மா உக்காந்திருக்கோமே, ஒரு கதை சொல்லட்டுமா சார்? லிஃப்டு கதை."

என் காது நிமிர்ந்தது.

"ஆறு மாடிக் கட்டடம் சார். பட்டன் லூஸ் கனெக்ஷன். லிஃப்டு மொட்டை மாடிக்குப் போயிடுச்சு. வாட்ச்மேன் ஒரு குடை கொடுத்தாரு."

சரி, பழையதுதான். பொறுத்துக்கொண்டேன்.

"அந்தக் குடையை நேத்துதான் சார் பார்த்தேன். அத்தான் வீட்டுல மூலையில கிடந்துச்சு. வெயில்ல தானா விரியும்னு சொல்லுவாரு. என்னன்னு பார்த்தா, உள்ளே ஒரு ஸ்பிரிங் துருப்பிடிச்சிருக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். இப்ப எல்லாக் குடை மாதிரியும் நல்லா வேலை செய்யுது."

எண்ணெய் விட்டானா? என் குடைக்கா?

அதன்பின் நடந்தது எனக்கே சரியாக நினைவில்லை. மாஸ்டர் சொல்லித்தான் தெரியும். நாற்காலியிலிருந்து நேராக எழுந்து நின்றேனாம். கோட்டுக்கு மேலே உள்ள எழுத்துகளில் ஆரம்பித்தேனாம். "ஸ்திழ்தா! நழ்ஸித் தெஷ்ழி எக்க்ளிஸ்!" மேல் வரிசை முழுக்க ஒரு சுற்று. பிறகு கீழ் வரிசை. அம்மா, அப்பா இல்லாத பாஷையில் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கெட்ட வார்த்தைக்கு வேண்டிய ஆட்களே அதில் இல்லை. எல்லாவற்றையும் சம்பந்தப்பட்டவன் ஒருவன் மேலேயே ஏற்றவேண்டும். ஏற்றினேன். எழுத்து இரட்டிக்கும் இடத்திலெல்லாம் டக், டக் என்று கடித்தேன். அலமாரியில் இருந்த தாடைகள் அதிர்ந்து, கூடவே டக், டக் என்றன.

மாஸ்டர் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். "ஆஹா. இடது பக்கம் கல்லு மாதிரி நிக்குது. ஐயா, வலது கடைவாயால கொஞ்சம் திட்டுங்க" என்றார்.

வலது பக்கம் சாய்ந்த எழுத்துகளாகப் பார்த்துத் திட்டினேன்.

"போதும்னு சொல்லாதீங்க, அந்த மூணாவது பல்லுல ஒரு சந்தேகம்."

சந்தேகம் தீரத் திட்டினேன்.

பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆடிட்டர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சினன் மட்டும் ஒன்றும் புரியாமல் சிரித்த முகத்தோடு இருந்தான். அதே சமயம் உள்ளே நுழைந்த என் மனைவியின் கையைப் பிடித்து, "அக்கா, அத்தான் என்னமோ பாடறாரு! என்னக்கா சொல்றாரு?" என்றான்.

அவள் ஒரு நிமிடம் நின்று கேட்டாள். முகம் மாறவே இல்லை.

"உன் கதை நல்லா இருக்காம்" என்றாள். "குடைக்கு எண்ணெய் விட்டதுக்கு நன்றி சொல்றாரு."

"அதுக்குப் போய் இவ்வளவா?" என்று அவன் வெட்கப்பட்டான்.

நான் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். மாஸ்டர் என் வாயைத் திறந்து விரலால் அசைத்துப் பார்த்தார். மயிரிழைகூட நகரவில்லை. "தெத்திஸ்" என்றார். பெஞ்சு முழுவதும், "தெத்திஸ், தெத்திஸ்" என்றது.

நேராக சலூனுக்குப் போனோம். கால் வலி எனக்கு, ஓட்டம் அவனுக்கு. நான் போய்ச் சேர்வதற்குள் மச்சினன் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, மாஸ்டர் கடையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அதையும்! இன்னும் என் வாயில் சூடு ஆறவில்லை. பாஷை, பலகை, முப்பத்திரண்டு எழுத்து, மூன்று சோதனை எல்லாம் வந்தது. ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. முதன்முறையாக, கதைக்கு ஏற்ற ஒரு விஷயத்தை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான். உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதுமாக இருந்தது. சபை வாயைப் பிளந்து கேட்டது. சலூன்காரரின் கத்தி ஒருவர் தொண்டையில் அப்படியே நின்றது.

போச்சு, என்று நினைத்துக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்ப அத்தான் எழுந்து நின்னாரு. நின்னு, அந்தப் பாஷையில சொன்னாரு பாருங்க" என்றவன் கையைத் தூக்கினான். "ஸ்... ஸ்தி..."

வரவில்லை.

"ஸ்திப்பு... ஸ்தும்..." உதடு ஒட்டிக்கொண்டது. அவனுக்குப் பிறவிப் பல். ஒன்றுகூட விழாத, மாஸ்டரின் அரம் படாத, வரிசைக்கு ஒன்று கோணலான பல். அந்த வாயில் அந்தப் பாஷைக்கு இடமே இல்லை.

"என்ன சொன்னாரு?" என்றார் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர்.

"சொல்லுங்க சார், கை வலிக்குது" என்றார் சலூன்காரர்.

மச்சினன் இன்னொரு தரம் முயன்றான். எச்சில்தான் தெறித்தது. மெதுவாக நாற்காலியைச் சுற்றி என் பக்கம் திரும்பினான். பிறகு எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் துண்டால் ஒருமுறை தட்டிவிட்டு, "வாங்க அத்தான்" என்றான்.

நான் அவசரப்படவில்லை. போய் உட்கார்ந்தேன். ஒரு சுற்றுச் சுற்றினேன். கோட்டுக்கு மேலே ஆரம்பித்தேன்.

இப்போது என் எல்லாக் கதைகளிலும், முக்கியமான இடத்தில் ஒரு வரி அந்தப் பாஷையில் வரும். ஏழாவது மாடிக் குமாஸ்தா அதில்தான் பேசுகிறார். அந்தக் கட்டடத்தில் அப்போதே அதைத்தான் பேசினார்கள் என்று எனக்கு இப்போது நினைவு வருகிறது.

மச்சினன் போன வாரம் மாஸ்டரிடம் போய், எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டு ஒரு செட் கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்கிற ஆள் முகத்தில் இனி முழிக்கமாட்டேன் என்று அவர் விரட்டிவிட்டாராம். அவன் மனம் தளரவில்லை. கடைவாயில் ஒன்று லேசாக ஆடுகிறதாம். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதை நாக்கால் அசைத்துப் பார்த்து, அக்காவுக்குப் போன் செய்து, உள்ளதை உள்ளபடி ரீடிங் சொல்கிறான்.